கடைசி மூச்சுக்கு ஒரு வேன்!

“மிஸ்ஸீ...! வூன் அங்கிள் கஞ்சிக்குள்ள மூஞ்சிய வெச்சுட்டாரு...!”

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பணிப்பெண்ணின் அலறல்.

பொறுப்பு நர்ஸ் ஹர்ஜிந்தர் கௌர் மாத்திரைத் தட்டை மேஜையில் போட்டுவிட்டு ஓடினாள். ஓடுகிற உடம்பு அல்ல. ஆனாலும் ஓடினாள்.

ஈப்போவில், சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் ‘செரி செஞ்சா முதியோர் பராமரிப்பு இல்லம்’. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பார்வையாளர் நேரம். பிள்ளைகள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, அப்பா அம்மாவோடு ஒரு போட்டோ எடுத்து, ஆரஞ்சுகளைத் தாங்களே உரித்துத் தின்றுவிட்டு, பாசம் தீர்ந்து கிளம்புகிற நேரம்.

சக்கர நாற்காலியில் வூன் காம் செங். எண்பது வயது. பழைய டவுனில் ஒரு காலத்தில் பிஸ்கட் கடை முதலாளி. இப்போது கஞ்சிக் கிண்ணத்தில் கன்னம்!

ஹர்ஜிந்தர் அவர் தலையை நிமிர்த்தினாள்.

உதட்டில் நீலம். மூச்சு... ஒன்று. அப்புறம் நீண்ட இடைவெளி. பிறகு, மனசில்லாமல், இன்னொன்று.

இமையைப் பிரித்தாள்.

கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது!

“தூங்குறாரு மிஸ்ஸி. டிஸ்டர்ப் பண்ணாதீங்க.”

சொன்னவன் பக்கத்து நாற்காலியில் பல் குத்திக்கொண்டிருந்தான். வூன் சீ மெங். ஒரே மகன். கார் உதிரிபாக வியாபாரம். விலை உயர்ந்த கடிகாரம், விலை குறைந்த சிரிப்பு. அவன் முன்னால் மேஜையில் ஒரு சூப் பிளாஸ்க்.

“தூங்குறவருக்கு உதடு நீலமாகாது, மிஸ்டர் வூன்.”

“மூலிகைச் சூப் குடிச்சாரு. வயிறு நிறைஞ்சுது. கண்ணு சொக்குது. எனக்கும்தான் சொக்குது. என்னையும் ஆம்புலன்ஸ்ல ஏத்துவீங்களா?”

“உங்களுக்கு மூச்சு நிக்கட்டும். பாக்கலாம்.”

அதற்குள் செண்ட் வாசனை வந்தது. பின்னாலேயே மேடம் யாப் வந்தாள்.

இல்லத்தின் முதலாளியம்மா. இதற்கு முன் குளியலறை ஓடு விற்றவள். ஓடு உடைந்தால் வாங்கியவன் சண்டைக்கு வருவான். கிழவர்கள் உடைந்தால் யாரும் வருவதில்லை. தொழிலை மாற்றிக்கொண்டாள்.

“மறுபடியுமா, ஹர்ஜிந்தர்?”

“ஆமா மேடம். ஆனா இது...”

“மூணு ஞாயித்துக்கிழமை! மூணு ஆம்புலன்ஸ்! மூணு தடவையும் சாயந்திரமே இந்தக் கிழவர் பல்லைக் காட்டிக்கிட்டுத் திரும்பி வந்தாரு! எமர்ஜென்சியில இருக்கிற அந்தப் பொடிப் பய டாக்டர் எனக்கு போன் போட்டுக் கேக்குறான்... ‘உங்க மிஸ்ஸிக்குத் தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதா’ன்னு!”

ஹர்ஜிந்தர் கிழவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பணிப்பெண்கள் தன் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் அவளுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் ஆன்ட்டி!

“இன்னொரு தடவை அனுப்பினே... அதே வண்டியில உன் பையையும் ஏத்திக்கோ. திரும்பி வராதே.”

“மேடம், போன மூணு தடவை வேற. இது வேற. இவர் செத்துக்கிட்டு இருக்காரு.”

“குடும்பம் என்ன சொல்லுதோ அதைச் செய்.”

சீ மெங் டிஷ்யூ பேப்பரில் வாயைத் துடைத்துக்கொண்டான். “டாக்டர் என்ன சொல்றாரோ அதைச் செய்யுங்க.”

இல்லத்துக்கென்று ஒரு டாக்டர் உண்டு. டாக்டர் பிந்தோ. ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் மைதானத்தில் குணப்படுத்துவார்.

ஹர்ஜிந்தர் ஒரு கையால் கிழவர் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பொருத்தினாள். மறு கையால் டாக்டருக்கு போன் போட்டாள்.

“டாக்டர், மிஸ்டர் வூனுக்கு மூச்சு அடங்குது. கண்மணி சுருங்கிப் போச்சு. எழுப்பினா எழலை.”

“எண்பது வயசாச்சேம்மா. குடும்பம் என்ன சொல்லுது?”

“உங்களைக் கேக்கச் சொல்லுது.”

“மேடம்?”

“குடும்பத்தைக் கேக்கச் சொல்றாங்க.”

“ம்... நீ என்ன நினைக்கிறே?”

“உடனே அனுப்பணும்.”

“சரி. ஆனா நான் சொன்னேன்னு எழுதிடாதே.”

டொக்!

இதுதான் இந்தத் தொழிலின் அழகு. நர்ஸ் முதலாளியைக் கேட்பாள். முதலாளி மகனைக் கேட்பாள். மகன் டாக்டரைக் கேட்பான். டாக்டர் நர்ஸைக் கேட்பார். இத்தனை பேர் பேசும்போது, சாகிறவன் முகத்தை மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஹர்ஜிந்தர் ஆம்புலன்ஸுக்கு 999 அழுத்தினாள்.

“எல்லா ஆம்புலன்ஸும் வெளிய இருக்கு. நெடுஞ்சாலையில பஸ் கவிழ்ந்திருக்கு. முக்கால் மணி நேரமாவது ஆகும்.”

முக்கால் மணி நேரம்!

கிழவரின் நெஞ்சு ஒருமுறை மேலெழுந்தது. இறங்கியது. மறுபடி எழுவதா வேண்டாமா என்று யோசித்தது.

அப்போதுதான் சீ மெங் அழ ஆரம்பித்தான்.

நல்ல அழுகை. சத்தம் இருந்தது. கண்ணீர்தான் வரவில்லை.

“வேண்டாம் மிஸ்ஸி... அப்பாவை ஆஸ்பத்திரியில குழாயும் ஊசியுமா கொல்லாதீங்க. நான் வீட்டுக்குக் கொண்டு போறேன். கடைசி மூச்சு எங்க பழைய வீட்டுலதான் போகணும். வெளிய செத்தா உள்ள கொண்டு போக முடியாது. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். ஈப்போவில் யாருக்குத்தான் தெரியாது? வெளியே இறந்த சீனரின் உடலை வாசல்படி தாண்ட விடமாட்டார்கள். வாசலுக்கு வெளியே நடைபாதையில் கூடாரம் போட்டுக் கிடத்த வேண்டியதுதான். வழி தெரியாத ஆவி அலையும். வாரிசின் தொழில் படுக்கும் என்று நம்பிக்கை. அதற்காகவே ஆக்சிஜன் சிலிண்டரோடு வேன் ஓட்டிப் பிழைக்கிறவர்கள் உண்டு. மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குள் சேர்த்து, சாமி படத்தின் முன்னால் கிடத்தி, அப்புறம் குழாயைக் கழற்றுவார்கள்.

ஹர்ஜிந்தர் பலரை அப்படி அனுப்பி வைத்திருக்கிறாள். கையைப் பிடித்து, முகம் துடைத்து, மரியாதையோடு. பல நாள் நோயில் கிடந்தவர்கள். அவர்கள் கேட்டுக்கொண்டது.

இவர் எதுவும் கேட்கவில்லையே!

“மிஸ்டர் வூன், ஆஸ்பத்திரிக்குப் போனா இவர் பிழைக்க வழி இருக்கு.”

“அவர் நேரம் வந்துடுச்சு மிஸ்ஸி.”

“யார் சொன்னா?”

“மகனுக்குத் தெரியாதா? மனசு சொல்லுது.”

“அவன் மனசு சொல்றதைக் கேளு, ஹர்ஜிந்தர்,” என்றாள் மேடம் யாப். “வீட்டுல செத்தா நமக்கும் நல்லது. இங்க செத்தா சனியன், போலீஸ் வரும்.”

ஹர்ஜிந்தர் பல்லைக் கடித்தாள். ஆம்புலன்ஸ் இல்லை. டாக்டர் இல்லை. சட்டப்படி மகன் அழைத்துப் போகிறேன் என்றால் அவளால் தடுக்கவும் முடியாது.

என்ன செய்வது...?

படாரென்று கூடத்தின் கதவு திறந்தது.

உள்ளே வந்தவன் கால்சட்டை, ரப்பர் செருப்பு, கழுத்தில் ஈரத் துண்டு. தோளில் ஆக்சிஜன் சிலிண்டர்.

“பாஸ்...! இன்னும் எவ்வளவு நேரம் லா? வெயில்ல வேன் அடுப்பு மாதிரி கொதிக்குது. தம்பூன்ல அடுத்த ஆளு எனக்காக மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு!”

சீ மெங்கின் அழுகை பாதியில் நின்றது.

“யாரு... யாருய்யா நீ?”

“ஆ கியோங் பாஸ்! கடைசி மூச்சு வேன்!”

“நான்... இப்பதானே கூப்பிடலாம்னு...”

“நேத்தே கூப்பிட்டுச் சொன்னீங்களே! ‘ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் எங்கப்பாவுக்குக் கடைசி மூச்சு. லேட் பண்ணாம வந்துடு’ன்னு. நான் காலைலயே வந்து மூலைக் கடையில காபி குடிச்சுக்கிட்டு இருக்கேன்!”

கூடத்திலிருந்த எல்லாத் தலைகளும் சீ மெங் பக்கம் திரும்பின.

ஒரு சில முட்டாள்கள் கொலையைக் கச்சிதமாகத் திட்டமிடுவார்கள். நேரத்தை மட்டும் சாமியிடம் விட்டுவிடுவார்கள். சீ மெங் அதற்கும் ஒரு படி கீழே. போலீசுக்குப் பயப்படாதவன், வாசல்படிக்குப் பயந்தான். வேன் தாமதமானால் அப்பன் வழியில் செத்துவிடுவான். ஆவி வெளியே நின்றுவிடும். தொழில் படுத்துவிடும். ஆகவே, சாவுக்கு முன்பதிவு!

ஹர்ஜிந்தர் மெதுவாக நிமிர்ந்தாள்.

“காலைல இந்த மனுஷன் முட்டை சரியா வேகலைன்னு என்னைக் கேக்கக்கூடாத வார்த்தையில திட்டினாரு. நல்ல தெம்பாத் திட்டினாரு. இவர் சாகப்போறார்னு எனக்கே தெரியலை. உங்களுக்கு நேத்தே தெரிஞ்சுடுச்சா, மிஸ்டர் வூன்?”

சீ மெங்கின் கை பிளாஸ்க்கை நோக்கி நகர்ந்தது.

அவள் கை முந்தியது!

“சூப்பைக் குடு!” என்று கத்தினான் சீ மெங்.

“மிச்சம் இருக்கே. டாக்டருக்கும் கொஞ்சம் குடுக்கலாம்னு.”

பிளாஸ்க்கைக் கிழவரின் மடியில் திணித்தாள். சக்கர நாற்காலியைத் திருப்பினாள்.

“ஆ கியோங்! கதவைத் திற. ஆஸ்பத்திரிக்கு விடு!”

ஆ கியோங் விழித்தான். “மிஸ்ஸி, என் வேன் ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குத்தான் போகும். எதிர்ப் பக்கம் போய்ப் பழக்கமே இல்ல லா!”

“இன்னைக்குப் பழகிக்கோ. இவர் செத்தா கொலை. முன்கூட்டியே வந்து நின்னவன் நீ. போலீஸ் முதல்ல யாரைக் கேக்கும்?”

ஆ கியோங் அதற்கு மேல் யோசிக்கவில்லை. கிழவரை அரிசி மூட்டையைப் போலத் தூக்கினான்.

“ஹர்ஜிந்தர்! நில்லு!” மேடம் யாப் பின்னாலேயே ஓடி வந்தாள். “குடும்பத்துச் சம்மதம் இல்லாம ஒரு ஆளும் என் கேட்டைத் தாண்ட முடியாது!”

“நீங்க பாத்துக்கிட்டே இருங்க மேடம்.”

“உனக்கு வேலை போச்சு!”

“போகட்டும். இவர் போகக் கூடாது.”

வேன் கிளம்பியது. இருபது அடி போய் நின்றது.

இரும்பு கேட் மூடியிருந்தது. அதன் ரிமோட் மேடம் யாப்பின் உள்ளங்கையில்! பக்கத்தில் சீ மெங், கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான்.

“இறக்குங்க அப்பாவை. என் கார்ல கொண்டு போறேன்.”

வேனுக்குள் ஹர்ஜிந்தர் கிழவரின் முகத்தில், வண்டியில் இருந்த மூச்சூட்டும் காற்றுப் பையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்தினால் மூச்சு. விட்டால் இல்லை. வூன் காம் செங்கின் உயிர் இப்போது அவள் விரல்களில்.

“இடிச்சுத் தள்ளு!”

“என்னது...! வேன் கடனே இன்னும் முடியலை மிஸ்ஸி!”

“வேற என்னதான் இருக்கு உன் வண்டியில?”

ஆ கியோங் தலையைச் சொறிந்தான். கண்கள் பளிச்சென்றன.

“பாட்டு இருக்கு!”

ஒரு பொத்தானைத் தட்டினான்.

வேனின் கூரையிலிருந்த ஒலிபெருக்கி உறுமியது. சாவு மந்திரம்! பிக்குகளின் கட்டைக் குரல், மணிச் சத்தம், மரமேள ஓசை... தெரு முழுக்க அதிர்ந்தது.

தோட்டத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பினார்கள். மாடி ஜன்னல்கள் திறந்தன. எதிர் வீட்டுக்காரி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“இங்க யாரு செத்தது?”

“போன வாரம்கூட ஒருத்தர் போனாராமே!”

“அம்மாவை இங்கே சேர்க்கலாம்னு பாக்க வந்தோம்... வேண்டாம்ங்க, கிளம்பலாம்.”

கடைசியாகப் பேசிய குடும்பம் நிஜமாகவே காரை நோக்கி நடந்தது.

மேடம் யாப்பின் முகத்தில் முதல் முறையாக ஒரு உயிரைப் பற்றிய பதற்றம் தெரிந்தது. வியாபாரத்தின் உயிர்!

“நிறுத்து... நிறுத்துடா அந்தப் பாட்டை! போய்த் தொலை!”

ரிமோட்டை அழுத்தினாள்.

கேட் திறந்தது.

“கேட்டைத் திறக்காதீங்க மேடம்!” என்று சீ மெங் கத்தியது மந்திரத்தில் மூழ்கியது.

வேன் பாய்ந்தது!

“பாட்டை நிறுத்தட்டுமா மிஸ்ஸி?”

“நிறுத்தாதே! முன்னாடி பாரு!”

முன்னால் கார்கள் தாமாக ஒதுங்கின. ஆம்புலன்ஸின் சைரனுக்கு ஒதுங்காத ஊர் இது. சாவு வேனின் காற்றுகூடத் தங்கள் காரில் படக் கூடாது என்று நடைபாதையில் ஏறி நின்றது!

“அலமாக்... ராஜா மாதிரி போறோமே!”

“பேசாம ஓட்டு. அங்கிள்... வூன் அங்கிள்! மூச்சு விடுங்க. முட்டையை நாளைக்கு நல்லா வேக வைக்கிறேன். விடுங்க அங்கிள்... விடுய்யா கிழவா!”

கிழவர் விடவில்லை. அவள் கை வலித்தது. நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி வாசலில் சாவு மந்திரத்தோடு வந்து நின்ற முதல் வண்டி அதுவாகத்தான் இருக்க வேண்டும். காவலாளி பிணவறைப் பக்கம் கையைக் காட்டினான். ஆ கியோங் அவனுக்கு வேறொரு கையசைவால் பதில் சொன்னான்.

உள்ளே அதே இளம் டாக்டர். அதே ஏளனம்.

“மறுபடியும் நீங்களா ஆன்ட்டி? இன்னைக்கும் தூக்கமா?”

“கண்ணைத் திறங்க.”

“நான் திறந்துதான் இருக்கேன்.”

“உங்க கண்ணை இல்ல... அவர் கண்ணை!”

டாக்டர் அலுப்போடு இமையை விலக்கினான். அலுப்பு பறந்தது.

“என்ன குடுத்தாங்க இவருக்கு?”

“இந்த சூப்பு. இதுல மார்ஃபின் இருக்கும்னு நினைக்கிறேன்.”

“சிஸ்டர்! முறிவு மருந்து! சீக்கிரம்!”

ஊசி ஏறியது.

ஒன்றுமில்லை.

இன்னொன்று.

ஹர்ஜிந்தர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த மனிதன் பிழைத்தால் அவளுக்கு வேலை போய்விடும். பிழைக்காவிட்டாலும் போய்விடும். அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

“அங்கிள்...”

கிழவரின் விலா எலும்புகள் விம்மின. ஒரு பெரிய மூச்சு... இரைச்சலோடு, ஆத்திரத்தோடு உள்ளே போனது. கண்கள் திறந்தன. வாய் திறந்தது.

முதலில் வந்தது ஒரு கெட்ட வார்த்தை.

“எவன்டா... என் நெஞ்சு மேல ஏறி உக்காந்தவன்?”

ஹர்ஜிந்தர் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அல்லது அழுதாள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

புதன்கிழமை காலை.

மூன்றாம் மாடி வார்டு. கட்டிலில் தலையணையில் சாய்ந்து வூன் காம் செங். பக்கத்து ஸ்டூலில் ஹர்ஜிந்தர். வேலை நீக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமே போனில் வந்துவிட்டது; அதனால் நேரம் நிறைய இருந்தது.

இன்ஸ்பெக்டர் ருஸ்லான் உள்ளே வந்தார். பின்னால் இரண்டு காவலர்களுக்கு நடுவே கைவிலங்கோடு சீ மெங்.

“ஐயா, சூப்ல மார்ஃபின் உறுதியாயிடுச்சு. இவரோட மாமியாருக்குப் புற்றுநோய். அந்த அம்மா வலிக்குக் குடிக்கிற மருந்தையே திருடியிருக்காரு.”

“பொய் துவான்!” சீ மெங் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கும்பிட்டான். “சூப் வெச்சது என் பெண்டாட்டி! அவளைக் கேளுங்க!”

பெண்டாட்டியின் நல்ல காலம், அவள் வியாழக்கிழமையே அம்மாவைப் பார்க்க அலோர் ஸ்டார் போயிருந்தாள். காலியான மருந்துப் புட்டியைப் பார்த்துப் போலீசுக்குச் சொன்னவளே அவள்தான்.

கதவு மறுபடி திறந்தது. பழக்கூடை. செண்ட் வாசனை. மேடம் யாப்!

“மிஸ்டர் வூன்! எப்படி இருக்கீங்க? இன்ஸ்பெக்டர், எங்க இல்லம் எடுத்த உடனடி முடிவாலதான் இவர் உயிர் தப்பினாரு. கேட்டைத் திறந்துவிட்டதே நான்தான்!”

“அப்படியா?” என்றார் ருஸ்லான். “அந்த கேட் எதுக்கு மூடியிருந்துச்சுன்னு சாயந்திரம் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்க.”

மேடம் யாப் கூடையிலிருந்த ஒரு ஆப்பிளைக் காரணமில்லாமல் துடைத்தாள்.

“ஐயா,” இன்ஸ்பெக்டர் கிழவர் பக்கம் திரும்பினார், “ஒரே ஒரு சந்தேகம். அதுக்கு முந்தின மூணு ஞாயித்துக்கிழமையும் மயங்கினீங்களே... அப்பவும் மகன் ஏதாவது கலந்தாரா?”

“இல்ல துவான். அப்ப எனக்கு ஒண்ணுமே இல்ல.”

“பின்னே?”

“நடிச்சேன்.”



சீ மெங் வெடித்துச் சிரித்தான்.

“கேட்டீங்களா துவான்! இந்த அம்மாவை ஒரு கிழவன் மூணு தடவை முட்டாளாக்கியிருக்கான்! நடிப்புக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரியாத ஒரு நர்ஸ் பேச்சைக் கேட்டா என்னைப் பிடிச்சீங்க?”

“நான் அன்னைக்கே சொன்னேன்...” என்று மேடம் யாப் முனகினாள்.

ருஸ்லான் கையை உயர்த்தினார். “ஏன் நடிச்சீங்க ஐயா?”

“வெளிய போகத்தான். கால் சரியாகுற வரைக்கும்னு சொல்லித்தான் இவன் என்னை அங்க கொண்டு போய்ப் போட்டான். கால் சரியாகி வருஷம் ஆச்சு. ஆனாலும் சக்கர நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடலை. முடி வெட்டப் போகணும்னாலும் மகன் சம்மதம். வக்கீல் என்னைப் பாக்க வந்தா இந்தம்மா மகனுக்கு போன் போடும். யாரையும் கேக்காம அங்கிருந்து வெளிய போற வண்டி ரெண்டே ரெண்டு. ஒண்ணு ஆம்புலன்ஸ். இன்னொண்ணு பொணவண்டி. நான் முதல் வண்டியைப் பிடிச்சேன்.”

“இங்க வந்து...?”

“வக்கீலை இங்க வரச் சொல்லிப் பாத்தேன். எமர்ஜென்சியில கட்டில்ல போட்டுட்டா சாயந்திரம் வரைக்கும் எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். வக்கீலோட பேச ஈப்போவுலயே அதைவிட அமைதியான இடம் கிடையாது. முதல் தடவை பேசினோம். அடுத்த தடவை விலை படிஞ்சது. மூணாவது தடவை கையெழுத்து.”

சீ மெங்கின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது.

“எதுக்கு... எதுக்குப்பா கையெழுத்து?”

“வீட்டை வித்துட்டேன்.”

“எந்த வீடு?”

“எனக்கு எத்தனை வீடு இருக்கு? பழைய டவுன் வீடுதான். நீ எப்ப சாவேன்னு நான் காத்துக்கிட்டு இருந்த... இல்ல, நான் எப்ப சாவேன்னு நீ காத்துக்கிட்டு இருந்த அதே வீடு. சனிக்கிழமை சாவி கை மாறிச்சு. வாங்கினவர் பூட்டையும் மாத்திட்டாரு. நீ ஒரு வருஷமா அந்தப் பக்கம் எட்டிப் பாத்திருந்தாத்தானே தெரியும்? ஞாயித்துக்கிழமை என்னை அங்க கொண்டு போயிருந்தா, வாசல்ல நின்னு மணிதான் அடிச்சிருப்பே!”

சீ மெங் சுவரில் சாய்ந்தான்.

“பணம்...?”

“லுமுட்ல கடலைப் பாத்த மாதிரி ஒரு சின்ன வீடு வாங்கிட்டேன். மிச்சத்துல ஒரு நல்ல மிஸ்ஸியை வேலைக்கு வெச்சுக்கப் போறேன். வருவியா ஹர்ஜிந்தர்?”

“திட்டுறதைக் குறைச்சா வர்றேன்.”

“அது முடியாது.”

“அப்ப சம்பளத்தைக் கூட்டுங்க.”

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். குரலில் லேசான பரிதாபம். “மூணு தடவையும் உங்களை ஏமாத்திட்டாரே, மிஸ்ஸி.”

“ஏமாத்தலை துவான்.”

“என்ன?”

“நிஜமா மயங்குறவன் கீழ சாயுறதுக்கு முன்னாடி பல் செட்டைக் கழட்டிப் பத்திரமா சட்டைப் பையில போட்டுக்க மாட்டான்.”

கிழவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உனக்குத் தெரியுமா...!”

“முதல் வாரமே தெரியும் அங்கிள்.”

“தெரிஞ்சேவா அனுப்பினீங்க?” ருஸ்லானின் குரல் உயர்ந்தது. “மூணு தடவை பொய்யா அவசரம்னு சொல்லி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கீங்க. அது குற்றம். தெரியுமில்ல?”

“தெரியும். ஒரு மனுஷன் வெளிய போறதுக்காகச் செத்த மாதிரி நடிக்கிறான்னா, உள்ள இருக்கிறது அவனுக்கு அதைவிட மோசம்னு அர்த்தம். அனுப்பணும்னு தோணிச்சு. அனுப்பினேன். எழுதிக்கோங்க துவான்.”

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். அதைப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார். மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“மை தீர்ந்துடுச்சு. கிளம்புங்க சீ மெங்.”

சீ மெங்குக்கு லாக்கப் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிமெண்ட் தரை. கொசு.

விலங்கிட்ட கைகள் நெஞ்சுக்குப் போயின. கண்கள் சுழன்றன.

“ஹா...!”

பழக்கூடை இல்லாத பக்கமாகப் பார்த்துத் தரையில் சரிந்தான்.

“ஐயோ!” மேடம் யாப் அலறினாள். “நெஞ்சு வலி! எமர்ஜென்சிக்கு அனுப்புங்க! உடனே எமர்ஜென்சிக்கு அனுப்புங்க!”

காவலர்கள் தடுமாறினார்கள். ருஸ்லான் ஹர்ஜிந்தரிடம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க மிஸ்ஸி. கீழ எமர்ஜென்சிக்கு அனுப்பலாமா?”

ஹர்ஜிந்தர் குனிந்தாள். உதடு நல்ல சிவப்பு. மூச்சு சீராக. ஒரு கண் மட்டும் இமைக்கு அடியிலிருந்து அவளை வேவு பார்த்தது.

அவள் நிமிர்ந்து, பெருமூச்சு விட்டாள்.

“வேண்டாம் துவான். பாவம்... அப்பாவோட சொத்துதான் கிடைக்கலை, நடிப்பாவது கிடைச்சிருக்கக் கூடாதா!”